பிள்ளைகள் கோத்த அச்செழுத்து

மாணவன் கட்டுரை எழுதுகிறான்; ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துகிறார்; ஏடு அலமாரிக்குள் போகிறது. எழுதியவனும் திருத்தியவரும் அன்றி அதனைப் படிப்பார் ஒருவரும் இலர். இவ்வழக்கத்தை மாற்றத் துணிந்தோருள் பிரான்சு நாட்டுச் சிற்றூர் ஆசிரியர் செலஸ்தின் பிரெனே குறிப்பிடத்தக்கவர் ஆவார்.

1896-இல் பிறந்த பிரெனே, முதல் உலகப் போரில் 1917-ஆம் ஆண்டு நுரையீரலில் குண்டு பாய்ந்து நெடுநாள் துன்புற்றவர். 1920-இல் தென்கிழக்குப் பிரான்சின் மலையூராகிய பார் சூர் லூவில் பள்ளி ஆசிரியரானார். நாள் முழுதும் உரக்கப் பேசிப் பாடம் நடத்த அவருடைய மூச்சு இடந்தரவில்லை. பேச இயலாத ஆசிரியர் பிள்ளைகளைப் பேசவிட்டார் எனலாம். அவர்களை வெளியே நடத்திச் செல்வார். கண்டதை அவர்கள் வகுப்பில் வந்து சொல்வர். அது கரும்பலகையில் ஏறும். பின்னர் அழிந்தும் போகும். அழியாமற் காக்க வழி தேடியவர், 1924-இல் சிறிய கையச்சுப்பொறி ஒன்றை வாங்கி வகுப்பறையில் வைத்தார்.

பிள்ளைகள் தாம் விரும்பி எழுதியவற்றை வகுப்பில் படிப்பர். அனைவரும் கூடி ஒன்றைத் தேர்வர். சேர்ந்தே பிழை களைவர். பின்னர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து, மை தடவி, தாளை அழுத்தி எடுப்பர். ஓர் எழுத்து மாறினும் அச்சான தாள் அத்தனையிலும் அப்பிழை நின்று சிரிக்கும். பிரம்பினால் வாராத கவனம் இதனால் வந்ததில் வியப்பில்லை.

நாட்டின் மறுகோடியில், பிரெத்தாஞ் கடற்கரையில், ரெனே தானியல் என்ற ஆசிரியரும் இவ்வழியைப் பின்பற்றினார். இரு பள்ளிகளும் அச்சிட்ட தாள்களை அஞ்சலில் மாற்றிக்கொண்டன. ஆரஞ்சு மரங்களிடையே வளர்ந்த பிள்ளைகள் மீனவர் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுதினர். தமக்குத் தெரிந்தது பிறர்க்குத் தெரியாது என்ற உணர்வு தோன்றியதும், விளக்கி எழுத வேண்டிய தேவை தானே பிறந்தது. 1927-இல் பல பள்ளிப் பிள்ளைகளின் எழுத்தைத் தாங்கி, 'கதிர்க்கட்டு' எனப் பொருள்படும் பெயரில் ஓர் இதழும் வெளிவந்தது.

படிப்பவர் பெருகினால் பகைவரும் பெருகுவர் போலும். 1928-இல் பிரெனே சேன் போல் என்னும் ஊருக்கு மாறினார். அங்கே ஒரு சிறுவன் தான் கண்ட கனவை எழுதினான். பள்ளிக்குப் பொருள் வாங்கித்தர மறுத்த ஊர்த்தலைவரை எதிர்த்து மாணவர் கிளர்ந்ததாகவும், தான் அவரைக் குத்திக் கொன்றதாகவும் கனவு! 1932-இன் இறுதியில் அக்கனவு ஆசிரியர்மீது குற்றச்சாட்டாகச் சுவரொட்டியில் ஏறியது. 1933 ஏப்ரலில் கூட்டம் பள்ளியைச் சூழ்ந்துகொண்டது. அவ்வாண்டே அவர் அப்பள்ளியிலிருந்து மாற்றப்பட்டார்.

அதனை அச்சிட்டது விவேகக் குறைவு என்று கூறுவார் கூறலாம். ஆயின், ஆசிரியர்க்கு இடர் தாராத எழுத்தை மட்டும் பொறுக்கி அச்சிட்டிருந்தால், பழைய சிவப்பு மையே வேறு வடிவில் வந்ததாகும்.

1935-இல் பிரெனே தம் துணைவியார் எலீசுடன் வான்சு நகரருகே சொந்தப் பள்ளி ஒன்றைத் திறந்தார். 1940-இல் அரசு அவரைக் கைதுசெய்து முகாமில் அடைத்தது. போருக்குப் பின் பணியைத் தொடர்ந்த அவர் 1966-இல் மறைந்தார். வான்சுப் பள்ளியைப் பிரெஞ்சு அரசே 1991-இல் விலைகொடுத்து வாங்கியது.