நாலு மூட்டை நூலும் ஒரு பீர் கம்பெனிக்காரரும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. பரீட்சை, பகுதிநேர வேலை, நாலு மணிக்கே இருட்டிப்போற குளிர்காலம்னு காரணம் நிறைய இருக்கு. இந்த வாரம் எழுதியே ஆகணும்னு தோணுச்சு. கொஞ்சம் நீளமான பதிவு, ஒரு டீயோட உட்காருங்க.

வணிகப் புள்ளியியல் வகுப்புல கருதுகோள் சோதனை ஓடிட்டிருக்கு. ஹைப்பாதிசிஸ் டெஸ்டிங்னு சொன்னா நம்மாளுங்க பாதிப் பேருக்கு வயித்தக் கலக்கும் :-) விஷயம் சின்னதுதாங்க. ரெண்டு சரக்குக்கு நடுவுல வித்தியாசமே இல்லைனு முதல்ல வச்சுக்கணும். அப்படி இருந்தும் கையில உள்ள எண்கள் இவ்வளவு விலகி நிக்க, தற்செயலா எவ்வளவு வாய்ப்புனு கணக்குப் போடணும். அந்த வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழ போனா, 'வித்தியாசம் இருக்கு'னு முடிவு கட்டலாம். இல்லேன்னா வாயை மூடிக்கிட்டு உட்காரணும்.

"ஏங்க 5? ஏன் 7 இல்ல, 12 இல்ல?"னு கேட்டேன். வழக்கம்னு பதில் வந்துச்சு. வழக்கம்னா அதை ஆரம்பிச்சு வச்ச ஆள் ஒருத்தர் இருக்கணுமே? தேடிப் போனேன். போன இடம் ஒரு பீர் தொழிற்சாலை.

ஒடென்சேலயும் பீர் ஆலைக்குப் பஞ்சமில்ல. ஆல்பனினு ஒண்ணு, தியோடர் ஷியோட்ஸ்னு ஒருத்தர் 1859-ல் ஆரம்பிச்சது. ஆனா நம்ம கதை நடந்தது அயர்லாந்துத் தலைநகர் டப்ளின்ல, கின்னஸ் கம்பெனில.

1899-ல் வில்லியம் கோசெட்னு 23 வயசுப் பையன் அங்க வேலைக்குச் சேர்றார். ஆக்ஸ்ஃபோர்டுல கணிதமும் வேதியியலும் படிச்சவர். எந்த பார்லி நல்ல பார்லி, எந்த உரம் போட்டா விளைச்சல் கூடும்னு பார்த்துச் சொல்றது அந்த ஆலையில அன்னைக்குத் தலையாய வேலை. ஒரு பார்லி ரகத்தைச் சோதிக்கணும்னா ஒரு வயல் வேணும், ஒரு முழுப் பருவம் காத்திருக்கணும். ஆயிரம் வயலுக்கு எங்க போறது? கையில இருக்கறது நாலு, அஞ்சு, மிஞ்சிப்போனா பத்து எண்கள்.

அந்தக் காலத்துப் புள்ளியியல் பெரிய கூட்டத்துக்கு மட்டுமே வேலை செஞ்சது. லண்டன்ல கார்ல் பியர்சன்தான் அந்தத் துறையோட பெரிய தலை. நூத்துக்கணக்குல, ஆயிரக்கணக்குல அளந்தாத்தான் அவருக்குத் திருப்தி. கோசெட் 1904-ல் ஆலைக்குள்ளேயே ஒரு அறிக்கை எழுதி, நமக்கு ஒரு கணக்கு வல்லுநர் துணை வேணும்னு சொல்றார். 1905-ல் பியர்சனைப் போய்ப் பார்க்கிறார். அந்த வருஷம் அவருக்கு எழுதிய கடிதத்துல ஒரு விஷயம் சொல்றார். இந்தப் பதிவே அதுக்காகத்தான். எங்க வேலையில எவ்வளவு நிச்சயம் வேணுங்கறது, அந்த முடிவால கிடைக்கற லாபத்தையும், முறையை மாத்தற செலவையும், ஒவ்வொரு சோதனைக்கும் ஆகற செலவையும் பொறுத்ததுங்கறார். அதாவது 5-ம் கிடையாது, 1-ம் கிடையாது. காசுக் கணக்குப் பார்த்துத்தான் கோடு போடணும்.

1906-07-ல் கம்பெனியே அவரை லண்டனுக்குப் பியர்சன்கிட்ட படிக்க அனுப்புது. அங்க அவர் செஞ்ச வேலை எனக்கு ரொம்பப் பிடிச்சது. 3000 குற்றவாளிகளோட உயரமும் இடது நடுவிரல் நீளமும் அளந்து வச்ச பட்டியல் ஒண்ணு இருந்துச்சு. அதை அட்டைகள்ல எழுதி, சீட்டுக் கட்டு மாதிரி நல்லாக் கலைச்சு, நாலு நாலாப் பிரிச்சார். மொத்தம் 750 குட்டிக் குழுக்கள். ஒவ்வொரு நாலும் உண்மையான சராசரியில இருந்து எவ்வளவு விலகுதுனு பார்த்து, தான் போட்ட சூத்திரத்தோட ஒப்பிட்டுக்கிட்டார். கணினியில இன்னைக்கு நாம ஒரு நொடியில பண்றதை அவர் கையால பண்ணார்.

1908-ல் அந்தக் கட்டுரை பயோமெட்ரிகா இதழ்ல வந்துச்சு. சொந்தப் பேர்ல எழுதக் கம்பெனி அனுமதி இல்ல. அதனால போட்ட புனைபெயர் 'ஸ்டூடன்ட்'. மாணவன்! அதுதான் இன்னைக்கு உலகம் முழுக்க ஸ்டூடன்ட் டி சோதனைனு பாடம் எடுக்கற சமாசாரம். நாம முகமூடி போட்டுக்கிட்டு வலைப்பதிவு எழுதறதுக்கு முன்னோடி அவருதாங்க :-) பியர்சனோ இந்தச் சின்ன எண்ணிக்கையை எல்லாம் பெருசா மதிக்கல. இத்தனை குறைவா எடுத்துப் பார்க்கறது குறும்புக்கார பீர் காய்ச்சுறவங்க மட்டும்தான்னு கிண்டல்கூடப் பண்ணார்.

அப்புறம் வந்தவர் ரொனால்ட் ஃபிஷர். ஸ்டூடன்ட் போட்ட கணக்குக்கு முறையான நிரூபணம் கொடுத்தவர். 1925-ல் ஆராய்ச்சியாளர்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார். இருபதுல ஒண்ணு, அதாவது 5 சதவீதம், கோடு போட வசதியா இருக்குனு சொன்னது அவர்தான். 1926-ல் எழுதின கட்டுரையில, வேணும்னா ஐம்பதுல ஒண்ணு, நூறுல ஒண்ணுனும் வச்சுக்கலாம்னு இடம் விட்டிருக்கார். ஆனா அட்டவணை 5, 1னு அச்சாகி வந்துட்டா மக்கள் வேற எதைப் பார்ப்பாங்க? வசதிக்குப் போட்ட கோடு சாமி போட்ட கோடாயிடுச்சு.

அதே 1926-ல் கோசெட் இன்னொரு கடிதம் எழுதறார். இந்தத் தடவை கார்ல் பியர்சனோட மகன் ஈகன் பியர்சனுக்கு. ஒரு கருதுகோளை வெறுமனே தள்ளிட முடியாது, இதைவிட நல்லாப் பொருந்துற மாற்று ஒண்ணு கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் தள்ளணும்ங்கற கருத்து அதுல இருந்துச்சு. ஈகனும் போலந்துல இருந்து வந்த யெர்சி நெய்மனும் அந்த விதையை வளர்த்து 1928-லயும் 1933-லயும் பெரிய கட்டுரைகளாக்கினாங்க. தப்பு ரெண்டு வகைனு பிரிச்சுச் சொன்னது அவங்கதான். நல்ல சரக்கைக் கெட்டதுன்னு திருப்பி அனுப்பறது ஒரு தப்பு. கெட்ட சரக்கை நல்லதுன்னு வாங்கி வைக்கறது இன்னொரு தப்பு. ஒண்ணைக் குறைச்சா மத்தது கூடும். எது உனக்கு அதிக நஷ்டம்னு நீதான் பார்த்துக்கணும்.

ஃபிஷருக்கு இது சுத்தமாப் பிடிக்கல. சரக்கு வாங்கறவன் வேலை வேற, விஞ்ஞானி வேலை வேறனு 1955-ல்கூடக் காட்டமா எழுதினார். அவர் பக்கமும் நியாயம் இருக்கு. ஒரு விஞ்ஞான உண்மை தப்பாப் போனா எத்தனை ரூபா நஷ்டம்னு யாரால கணக்குப் போட முடியும்? ஆனா வியாபாரத்துல முடியும். நம்ம பாடப்புத்தகம் என்ன பண்ணுச்சு? ஃபிஷரோட 5-ஐயும் நெய்மனோட ரெண்டு தப்பையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டிட்டு, கோசெட் சொன்ன காசுக் கணக்கை மட்டும் வழியிலயே தொலைச்சிடுச்சு.

சண்டைக்காரங்க எல்லாரும் 1930-கள்ல லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்லயே இருந்தாங்க. கார்ல் பியர்சன் 1933-ல் ஓய்வு பெற, அவரோட இடம் ஃபிஷருக்கும் ஈகனுக்கும் ரெண்டாப் பிரிஞ்சுது. 1935-ல் அங்க ஃபிஷர்கிட்ட படிக்க ஒரு டேனிஷ்காரர் வந்தார். பேரு கியோர்க் ராஷ். பிறந்தது 1901-ல், இதே ஒடென்சேல! இந்த ஊர்ல பிறந்தவர்னா எல்லாரும் கதை சொன்ன ஆண்டர்சனைத்தான் கை காட்டுவாங்க. இப்படி ஒருத்தர் இருக்கார்னு எனக்கே இப்பத்தான் தெரியும்.

ராஷ் கணிதத்துல முனைவர். கணிதப் பேராசிரியர் வேலை கிடைக்காம, மத்தவங்களுக்குப் புள்ளியியல் கணக்குப் போட்டுக் கொடுத்துப் பிழைச்சவர். 1950-கள்ல, வாசிக்கத் திணறுற பிள்ளைங்களோட சோதனைக் கணக்கு அவர் கைக்கு வந்துச்சு. உரக்க வாசிக்கறப்ப ஒரு பிள்ளை எத்தனை சொல்லைத் தப்பா வாசிக்குதுனு எண்ணி வச்சிருந்தாங்க. அவர் கேட்ட கேள்வி, தப்பு பிள்ளையோட திறமையால எவ்வளவு, பாடத்தோட கடினத்தால எவ்வளவு? ரெண்டையும் தனித்தனியாப் பிரிக்க அவர் கட்டின முறை 1960-ல் புத்தகமா வந்துச்சு. 2000-ல் ஆரம்பிச்ச பிசா பன்னாட்டுத் தேர்வோட முதல் சுற்றுகள் மதிப்பெண் போட்டது ராஷ் மாதிரியை வச்சுத்தான்.

நம்ம ஊருக்கும் இந்தக் கணக்கு சீக்கிரமே வந்துடுச்சு. தரக் கட்டுப்பாட்டு வரைபடத்தைக் கண்டுபிடிச்ச ஷூஹார்ட், மகலனோபிஸ் அழைச்சு 1947-48-ல் இந்தியா வந்தார். 1956-ல் கோயம்புத்தூர்ல ஜவுளி ஆராய்ச்சிக்குன்னே சிட்ரா தொடங்கினாங்க. 1998-ல் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவும் 2002-ல் டிவிஎஸ் மோட்டாரும் ஜப்பான்காரங்களோட டெமிங் பரிசையே வாங்கிட்டு வந்தாங்க. ஆனா ரெண்டு மெஷின் வச்சிருக்கற சின்ன யூனிட் வரைக்கும் இந்தக் கணக்கு எங்க வந்துச்சு?

எங்கப்பா வச்சிருந்தது அப்படி ஒரு யூனிட்தான். திருப்பூர்ல பனியன் துணி நிட்டிங். நான் காலேஜ் முதல் வருஷம் படிக்கறப்ப ஒரு புது மில்லோட நூலுக்கு மாறினார். எனக்கு அப்ப புள்ளியியல் முதல் பாடம் நடந்துட்டிருந்த திமிர். "நாலு மூட்டையை ஓட்டிப் பார்த்துட்டா மில்லையே மாத்துவீங்க? இதெல்லாம் சூதாட்டம்ங்கப்பா"ன்னேன். அவர் ஒண்ணும் சொல்லல. ஆறு மாசம் கழிச்சு அந்த மில் நூல்ல ஒரு லாட் சரியில்லாம ஒரு ஆர்டர் துணியே திரும்பி வந்துச்சு. சாப்பாட்டுத் தட்டு முன்னாடி வச்சு, "நான் அன்னைக்கே சொன்னேன்"னேன். அவர் பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சுப் போனார். அந்தத் தட்டு இன்னும் கண்ணுல நிக்குது.

போன வாரம் தங்கச்சிகிட்ட சொல்லி அந்தப் பழைய நோட்டைத் தேடச் சொன்னேன். வாட்ஸ்அப்புல படம் அனுப்பினா. அப்பா கையெழுத்துல, மூட்டைக்கு எத்தனை தடவை நூல் அறுந்துச்சுன்னு இருக்கு. பழைய மில்: 14, 9, 12, 13. புது மில்: 8, 11, 6, 11. சராசரி 12-க்கு 9. ஸ்டூடன்ட் கணக்கைப் போட்டேன். டி மதிப்பு 1.84. அட்டவணை கேட்கறது 2.45. பி மதிப்பு சுமார் 0.12. பரீட்சையில இதுக்கு விடை, "வித்தியாசம் இருக்குனு சொல்ல ஆதாரம் பத்தாது, பழைய மில்லே இருக்கட்டும்". முழு மார்க்.

இப்ப கோசெட் மாதிரி பார்ப்போம். ரெண்டு மில்லுக்கும் ஒரே விலை. மாத்தறதுக்குச் செலவே இல்ல. புது நூல் பழைய நூல் மாதிரியே இருந்தாலும் நஷ்டம் பெருசா கிடையாது. நிஜமாவே நல்லதா இருந்தா, மெஷின் நிக்கறது கால்வாசி குறையும். கூட நாலு மூட்டை வாங்கிச் சோதிக்கக் கையில காசில்ல. இந்த நிலையில 5 சதவீதத்துக்குக் காத்திருக்கறதுதான் முட்டாள்தனம். அப்பா எடுத்த முடிவு சரி. ஆறு மாசம் கழிச்சு வந்த கெட்ட லாட் அந்த முடிவைத் தப்பாக்காது. அன்னைக்குக் கையில இருந்த எண்ணை வச்சுத்தான் அன்னைக்கு முடிவை எடை போடணும்.

அப்பாவை ரொம்பவும் தூக்கி வைக்கல. அதே நோட்டுல நாலு பக்கம் தள்ளி, வேற ஒரு மில் பேரு அடிச்சிருக்கு. ஒரே ஒரு மூட்டை, 19 தடவை அறுந்திருக்கு, அதோட சரி. ஒரு மூட்டையை வச்சு ஏத்த இறக்கம் எவ்வளவுன்னு ஸ்டூடன்ட்டாலயும் சொல்ல முடியாது. அது ஒருவேளை நல்ல நூலா இருந்திருக்கலாம். வாங்காத நூலால வந்த நஷ்டம் எந்தப் பேரேட்டுலயும் ஏறாது. ரெண்டாவது வகைத் தப்போட குணமே அதுதான், செஞ்சவனுக்கே தெரியாது.

ஞாயித்துக்கிழமை போன் பண்ணேன். சுத்தி வளைச்சு, "அன்னைக்கு நான் பேசினது தப்புங்கப்பா"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "ரெண்டையும் ஒரே மெஷின்ல, ஒரே ஆள வச்சுத்தான் கண்ணு ஓட்டுனேன். இல்லீன்னா நூல் குத்தமா மெஷின் குத்தமான்னு தெரியாதில்ல?"ன்னார். ஒடென்சேல பிறந்த ராஷ் பிள்ளைங்களை வச்சுக் கேட்ட அதே கேள்வி! நான் அவருக்கு பீர் கம்பெனிக்காரர் கதையைச் சொன்னேன். பார்லி, சீட்டுக்கட்டு, 1908 எல்லாம். பொறுமையாக் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார்.

"அந்தாளு எத்தனை வச்சுக் கலைச்சுப் பார்த்தாராம்?"

"நாலு நாலா வச்சுங்கப்பா."

"பின்ன?"