சொகுசுக் கப்பல் பயணம்: உணவு, விதிமுறை, செலவு – பணம் கட்டும் முன் ஒப்பிட வேண்டியவை

ஜோர்ஜ்டவுன் – பள்ளி விடுமுறை நெருங்கினால் சொகுசுக் கப்பல் விளம்பரங்களும் பெருகிவிடும். ‘உணவு, தங்குமிடம், கேளிக்கை எல்லாம் உட்பட தலைக்கு இவ்வளவு ரிங்கிட்’ என்ற வரியைப் பார்த்துப் பதிவு செய்யும் குடும்பங்கள் பல. அந்த ‘எல்லாம்’ என்ற சொல்லில் எவையெவை அடங்கும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது. சைவ உணவு மட்டுமே உண்ணும் பெரியவர், கைக்குழந்தை, கர்ப்பிணி ஆகியோர் உள்ள குடும்பத்துக்கு விலையை விட இந்த வேறுபாடுகளே முக்கியம். பினாங்குக்கு வரும் முக்கிய நிறுவனங்களை உணவு, விதிமுறை, செலவு ஆகிய மூன்று அளவுகோல்களில் இங்கே ஒப்பிடலாம்.

கப்பல் பயணம் பினாங்குத் தமிழருக்குப் புதிதல்ல. 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட ரஜூலா, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என ஓடியது. ஆயிரக்கணக்கானோர் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து இந்தக் கரைக்கு வந்தார்கள். கரை இறங்கும் முன் பலர் ஜெர்ஜாக் தீவின் தடுப்புக்காவல் நிலையத்தில் தங்க நேர்ந்தது. அந்தப் பயணம் பிழைப்புக்கானது. இன்றைய பயணம் ஓய்வுக்கானது. ஆனால் டிக்கெட் விலைக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்ற கணக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

பினாங்கிலேயே கப்பல் ஏறலாமா?

முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது இதுதான். சுவெட்டன்ஹம் படகுத்துறைக்கு வரும் பெரிய கப்பல்களில் பெரும்பாலானவை பினாங்கில் புறப்படுபவை அல்ல. அவை சிங்கப்பூரிலோ கிள்ளான் துறைமுகத்திலோ பயணிகளை ஏற்றி, பினாங்கில் சில மணி நேரம் நின்று, புக்கெட் போன்ற இடங்களுக்குச் செல்பவை. பயணிகள் இங்கே இறங்கி, லெபோ பாசார் லிட்டில் இந்தியாவையும் குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலையும் நடந்தே சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

நிலைமை எப்போதும் இப்படி இருக்கவில்லை. ஸ்டார் குரூசஸ் நிறுவனத்தின் சூப்பர்ஸ்டார் லிப்ரா பினாங்கைத் தளமாகக் கொண்டு சில ஆண்டுகள் இயங்கியது. அப்போது தீவுவாசிகள் வீட்டிலிருந்து டாக்சியில் போய்க் கப்பல் ஏறினார்கள். பின்னர் ரோயல் கரிபியன் நிறுவனமும் பினாங்கு துறைமுக நிறுவனமும் கூட்டாக முனையத்தை விரிவாக்கின. 400 மீட்டராக இருந்த கப்பல் அணையும் துறை 688 மீட்டராக நீண்டது. ஆகவே இரண்டு பெரிய கப்பல்கள் ஒரே நேரத்தில் நிற்க முடியும். ஆயினும் பினாங்குவாசி சிங்கப்பூருக்கோ கிள்ளானுக்கோ போய்ச் சேரும் செலவையும் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

மூன்று நிறுவனங்கள், மூன்று போக்குகள்

ஸ்டார்டிரீம் குரூசஸ்: கெந்திங் குழுமம் 1993இல் தொடங்கிய ஸ்டார் குரூசஸின் வழி வந்த நிறுவனம் இது. தாய் நிறுவனமான கெந்திங் ஹாங்காங் 2022 தொடக்கத்தில் நிதி நெருக்கடியில் வீழ்ந்தது. அதே ஆண்டில் ரிசோர்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸ் என்ற பெயரில் புதிய நிறுவனம் எழுந்தது. 2025இல் அது ஸ்டார்டிரீம் என்று பெயர் மாறியது. இதன் முதன்மைக் கப்பல் கெந்திங் டிரீம், 2016இல் ஜெர்மனியில் கட்டப்பட்டது. இரண்டு பேருக்கு ஓர் அறை என்ற கணக்கில் ஏறக்குறைய 3,350 பயணிகள் தங்கலாம். இந்த வட்டாரத்து மக்களையே முதன்மை வாடிக்கையாளராகக் கொண்டது.

ரோயல் கரிபியன்: அமெரிக்க நிறுவனம். அன்தம், ஓவேஷன், ஸ்பெக்ட்ரம் போன்ற கப்பல்களைப் பருவத்துக்கு ஏற்ப மாற்றி மாற்றி சிங்கப்பூரிலிருந்து இயக்கியுள்ளது. 2015இல் கடலில் இறங்கிய அன்தம் 4,000க்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றும். செயற்கை அலைச் சறுக்கு, விளையாட்டுத் திடல் எனப் பிள்ளைகளுக்கு ஈர்ப்பு அதிகம்.

கியூனார்ட்: பிரிட்டிஷ் நிறுவனம். இதன் குவீன் மேரி 2 போன்ற கப்பல்கள் உலகப் பயணத்தின் நடுவே பினாங்குக்கு வந்து செல்வதுண்டு. நீண்ட பயணம், பழைய பாணி உபசரிப்பு, கூடுதல் கட்டணம் ஆகியவை இதன் அடையாளம். மூன்று நான்கு நாள் விடுமுறைக்கு இது பொருந்தாது. ஓய்வு பெற்றவர்கள் சிலர் விரும்பித் தேர்வு செய்கிறார்கள்.

உணவு: எது இலவசம், எது கட்டணம்?

பெரிய உணவுக்கூடமும் பஃபே கூடமும் பொதுவாகக் கட்டணத்தில் அடங்கும். மூன்று வேளையும் அங்கே உண்டால் கூடுதலாக ஒரு காசும் செலவாகாது. ஸ்டேக், சூஷி, இத்தாலிய உணவு போன்ற சிறப்பு உணவகங்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு. தண்ணீர், தேநீர், காப்பி ஆகியவை உணவுக்கூடத்தில் இலவசம். புட்டியிலும் டின்னிலும் வரும் குளிர்பானம், மது, சிறப்புக் காப்பி ஆகியவற்றுக்குப் பணம் கட்ட வேண்டும். ரோயல் கரிபியனில் அறைக்கு உணவு வரவழைத்தால், காலை எளிய சிற்றுண்டி தவிர மற்றவற்றுக்குச் சேவைக் கட்டணம் உண்டு.

சைவ உணவில்தான் கவனம் தேவை. ஆங்கிலேயர், அமெரிக்கர் வழக்கில் ‘வெஜிடேரியன்’ என்றால் முட்டையும் அடங்கலாம். ஆகவே பதிவின்போது ‘இந்திய சைவம், முட்டை இல்லாமல்’ என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். கெந்திங் டிரீம் கப்பலில் இந்திய சைவ உணவும் ஜைன உணவும் கிடைக்கின்றன. ஜைன உணவில் வெங்காயம், பூண்டு, கிழங்கு வகைகள் சேர்ப்பதில்லை. புரட்டாசி விரதம், வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர்களுக்கு இது கைகொடுக்கும். ஓஐசி தர அளவின்படி ஹலால் நட்புக் கப்பல் என்ற சான்றையும் அக்கப்பல் பெற்றுள்ளது. தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு இது முக்கியமான தகவல்.

ரோயல் கரிபியன் கப்பல்களில், ஆசியப் பயணங்களின்போது பஃபேயில் இந்திய உணவு வரிசை இருக்கும். உணவுக்கூடத்தில் முதல் நாள் இரவே தலைமைப் பணியாளரிடம் சொன்னால், மறுநாள் முதல் இந்திய சைவ உணவைத் தனியாகத் தயாரித்துத் தருவார்கள். சொல்லாமல் போய் உட்கார்ந்தால் கீரைக் கூட்டும் பாஸ்தாவும்தான் கதி. ஒவ்வாமை உள்ளவர்கள் புறப்படுவதற்கு ஒன்றரை மாதத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிப்பது நல்லது.

வீட்டுச் சமையலைக் கொண்டுபோகலாம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான கப்பல்கள் சமைத்த உணவை ஏற்றுக்கொள்வதில்லை. கடையில் முத்திரையிட்டு விற்கும் முறுக்கு, பிஸ்கட் போன்றவற்றுக்குப் பொதுவாகத் தடை இல்லை.

விதிமுறைகள்: தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

கடப்பிதழ்: பயணம் முடியும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். பினாங்கு, கிள்ளான் மட்டும் போகும் கப்பலானாலும் சிங்கப்பூரில் ஏறினால் கடப்பிதழ் கட்டாயம்.

குழந்தைகள்: ரோயல் கரிபியனில் ஆறு மாதம் நிறைவடையாத குழந்தையை ஏற்றமாட்டார்கள். கடல் நடுவே பல நாள் செல்லும் நீண்ட பயணங்களுக்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். தாத்தா பாட்டியுடனோ சித்தப்பாவுடனோ பிள்ளையை அனுப்பினால் பெற்றோரின் அனுமதிக் கடிதம் தேவைப்படும்.

கர்ப்பிணிகள்: பயணத்தின் எந்த நாளிலும் 24ஆவது வாரத்தை எட்டக்கூடாது என்பதே இத்துறையின் பொது விதி. ஏறும் நாளை வைத்து அல்ல, இறங்கும் நாளை வைத்தே கணக்கிட வேண்டும். மருத்துவர் கடிதமும் கேட்பார்கள்.

பூசைப் பொருள்கள்: ஊதுபத்தி, மெழுகுவர்த்தி, சூடம், எண்ணெய் விளக்கு எதற்கும் அனுமதி இல்லை. கப்பலில் பெரிய ஆபத்து தீ. அதனால் இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. துணி தேய்க்கும் பெட்டி, மின்சாரக் கெண்டி, சோற்றுப்பானை ஆகியவையும் பறிமுதலாகும். இறங்கும்போதுதான் திருப்பித் தருவார்கள்.

மின் சிகரெட்: சிங்கப்பூரில் வைத்திருப்பதே குற்றம். கப்பல் ஏறும் வரிசையிலேயே சிக்கல் வரும்.

உடை: கெந்திங் டிரீம், ரோயல் கரிபியன் இரண்டிலும் சாதாரண நல்லுடை போதும், நீச்சல் உடையில் மட்டும் உணவுக்கூடத்துக்குள் போகக்கூடாது. கியூனார்டில் மாலை 6 மணிக்கு மேல் ஒழுங்கான உடை வேண்டும். விருந்து இரவுகளில் கோட்டு, சூட்டு அணிய வேண்டும். நாட்டின் மரபு உடைக்கும் இடமுண்டு. பட்டுப்புடவை எங்கும் எடுபடும்.

கைத்தொலைபேசி: கடலில் சென்றதும் கருவி தானாகக் கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்போடு இணையும். வழக்கமான ரோமிங் திட்டம் அங்கே செல்லாது. கட்டணம் நூற்றுக்கணக்கில் ஏறிவிடலாம். கப்பல் ஏறியவுடன் விமானப் பயன்முறையில் வைத்துவிட வேண்டும்.

செலவு: விளம்பரத் தொகையும் உண்மைத் தொகையும்

விளம்பரத் தொகை பெரும்பாலும் இருவர் ஓர் அறையில் தங்கும் கணக்கில், ஜன்னல் இல்லாத உள்ளறைக்கானது. தனியாகப் போகும் ஒருவர் கிட்டத்தட்ட இருவர் கட்டணத்தைக் கட்ட நேரலாம். அதே அறையில் தங்கும் மூன்றாவது, நான்காவது நபருக்குச் சலுகை கிடைப்பதுண்டு.

இதற்கு மேல் துறைமுகக் கட்டணமும் சேவையன்பளிப்பும் வரும். ரோயல் கரிபியன் சாதாரண அறைக்கு ஒரு நாளைக்கு ஒருவருக்கு 18.50 அமெரிக்க டாலர் அன்பளிப்பு வசூலிக்கிறது. சிறுபிள்ளைக்கும் அதே தொகைதான். மதுபானத் தொகுப்பை ஓர் அறையில் பெரியவர் ஒருவர் வாங்கினால், அதே அறையில் உள்ள மற்றப் பெரியவர்களும் வாங்க வேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு. அப்பா மட்டும் குடிப்பார் என்று வாங்கினால் அம்மாவுக்கும் சேர்த்தே பணம் போகும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். பெற்றோர், இரண்டு பிள்ளைகள், நான்கு இரவு. அன்பளிப்பு தவிர மற்றவை கணக்குக்காக வைத்துக்கொண்ட தொகைகள். ஒரு டாலர் 4 ரிங்கிட் என்று வைத்துள்ளது.

கட்டணம், தலைக்கு 1,800 வீதம்: 7,200 ரிங்கிட்
துறைமுகக் கட்டணமும் வரியும், தலைக்கு 400 வீதம்: 1,600 ரிங்கிட்
அன்பளிப்பு, 296 டாலர்: 1,184 ரிங்கிட்
ஒரு கருவிக்கு இணையம், 80 டாலர்: 320 ரிங்கிட்
பினாங்கு – சிங்கப்பூர் போகவர, தலைக்கு 400 வீதம்: 1,600 ரிங்கிட்
சிங்கப்பூரில் முந்தைய இரவு தங்கல்: 700 ரிங்கிட்
மொத்தம்: 12,604 ரிங்கிட்

விளம்பரப்படி ஒருவருக்கு ஓர் இரவுக்கு 450 ரிங்கிட். உண்மையில் ஏறக்குறைய 788 ரிங்கிட். கரைச்சுற்றுலா, நிழற்படம், சூதாட்டக்கூடம், மருத்துவர் கட்டணம் எதுவும் இதில் இல்லை. கப்பல் மருத்துவமனை அரசு கிளினிக் அல்ல. ஒரு சாதாரணக் காய்ச்சலுக்கே பெரிய தொகை வரலாம். ஆகவே கப்பல் பயணத்தை உள்ளடக்கிய பயணக் காப்புறுதி எடுப்பது வீண் செலவாகாது.

நிறுவனங்களை ஒப்பிடும்போது இந்த ‘ஒருவருக்கு ஓர் இரவு’ கணக்கையே பயன்படுத்த வேண்டும். கிள்ளானில் ஏறும் கப்பலின் கட்டணம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும், பேருந்திலோ இடிஎஸ் ரயில் வழியாகவோ போய்ச் சேரலாம் என்பதால் மொத்தத்தில் மலிவாக முடியலாம்.

பணம் கட்டும்போது பாதுகாப்பு

பெரிய நிறுவனமும் மூடப்படலாம் என்பதை 2022 காட்டியது. முழுத் தொகையையும் ரொக்கமாகக் கட்டுவதைத் தவிர்த்து, கடன் அட்டையில் கட்டினால் சிக்கல் வரும்போது வங்கி வழியே முறையிட வாய்ப்பு உண்டு. முகவர் சுற்றுலா அமைச்சின் உரிமம் பெற்றவரா என்று சரிபார்க்க வேண்டும். ரத்துச் செய்தால் எந்தத் தேதிவரை எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் பெற வேண்டும். தகராறு ஏற்பட்டால் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் பதிவு செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆலோசனைக்கு ஜோர்ஜ்டவுனிலேயே பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது.

முகவரிடம் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. சொல்லும் விலையில் துறைமுகக் கட்டணமும் அன்பளிப்பும் அடங்குமா?
2. எந்தத் துறைமுகத்தில் ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும்?
3. முட்டை இல்லாத இந்திய சைவ உணவு எல்லா வேளையும் கிடைக்குமா, எந்த உணவுக்கூடத்தில்?
4. குழந்தை, கர்ப்பிணி, சக்கர நாற்காலிப் பயணி ஆகியோருக்கு என்ன விதி?
5. கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்தால் எந்தத் தொகை திரும்பும்?
6. ரத்துச் செய்தால் என்ன கிடைக்கும்?

ஆறுக்கும் எழுத்தில் பதில் தரும் முகவரிடம் மட்டும் முன்பணம் கட்டுங்கள்.