பச்சைப் பெயிண்டுக்கு அடியில் பர்மாத் தேக்கு

பர்மாக் காட்டில் தேக்கை எடுத்த எடுப்பில் வெட்டிச் சாய்க்க மாட்டார்கள். அடிமரத்தைச் சுற்றிலும் வளையமாகக் கொத்தி, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்றபடியே காய விடுவார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. காய்ந்த பிறகுதான் யானைகள் அதை ஓடைக்கு இழுத்துவரும். மழைவெள்ளம் ஐராவதியில் சேர்க்கும். தெப்பமாகி ரங்கூன் வரும். அங்கே வட்டித்தொழில் செய்த நகரத்தார் கட்டிய செட்டிநாட்டு வீடுகளுக்கு அந்த மரம் கப்பலேறி வந்து தூணானது, நிலையானது, பீரோவானது.

1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தது. 1960களில் நே வின் அரசு வங்கிகளையும் கடைகளையும் நாட்டுடைமையாக்கியது. வருமானம் நின்றது, பங்காளிகள் பெருகினார்கள், பராமரிக்க முடியாத வீடுகள் பிரிக்கப்பட்டன. அப்படிப் பிரித்த வீடொன்றின் டிரஸ்ஸிங் டேபிள், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடை வழியாக எங்கள் வீட்டுக்கு வந்தது. மூன்று டிராயர், கண்ணாடி இல்லாத சட்டம், மேலே தடிமனாகப் பச்சை எனாமல் பெயிண்ட். டிராயரை உருவிப் பார்த்தேன். மூலையில் ஓர் ஆணிகூட இல்லை. பல்லோடு பல் கோத்து நின்றது. அந்த வேலைப்பாட்டுக்காகவே வாங்கினோம்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் காய்ந்த பெயிண்டை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. தூசி நுரையீரலுக்குப் போகும். மொட்டை மாடியில், முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு ரிமூவர் தடவினோம். பச்சை சுருங்கி எழும்பியது. பட்டித்தகட்டால் ஈரமாகவே வழித்தோம்.

அடியில் பழுப்பாக இன்னொரு பூச்சு. ஓரத்தில் ஸ்பிரிட் துணியை வைத்ததும் பிசுபிசுத்தது. அரக்கு! பலாச மரத்திலும் பூவ மரத்திலும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின் அது. காய்ந்து எத்தனை காலமானாலும் ஸ்பிரிட் பட்டால் இளகும். புதிதாகப் பூசும் அரக்கு பழையதைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். வேறெந்தப் பூச்சையும்விட இதை நான் மதிப்பது இதற்காகத்தான். எல்லாவற்றையும் இழைத்துத் தள்ளிவிட்டு பியூ (பாலியூரித்தேன்) பூச்சு அடித்தால் கண்ணாடிபோல் மின்னும் என்றார்கள். மின்னும், ஆனால் எத்தனையோ கைகள் பட்டு மழுங்கிய டிராயர் விளிம்பும் இழைப்புளியோடு போய்விடும். சம்மதிக்கவில்லை.

ஆடிய காலை வெந்நீர்த் துணியால் ஒற்றியதும், பழைய வஜ்ஜிரப் பசை இளகி மூட்டு கழன்றது. மறுபடி வஜ்ஜிரம் காய்ச்சியே ஒட்டினோம். அரக்கைப் பஞ்சில் நனைத்து, பழைய வேட்டித்துணியில் பொதிந்து, மெல்லிசாகக் கோட் மேல் கோட்டாக இழுத்தோம். மழைநாளில் இழுத்தால் வெளுத்துவிடும் என்பதால் வெயில் பார்த்தே வேலை நடந்தது. ஆறாம் ஏழாம் கோட்டில் ரேகை ஆழம் கொடுக்கத் தொடங்கியது, தேன்நிறத்தில் கறுப்பு வரி.

சென்ட், சானிடைசர் பாட்டில்களுக்கு அதன் மேல் இடமில்லை. சிந்தினால் பூச்சு கரையும். சட்டத்துக்குக் கண்ணாடி வெட்ட அளவு கொடுத்திருக்கிறோம்.