பேய்க்கும் ஃப்ளாஷ்பேக் உண்டு: `விடாது கருப்பு' தந்த இந்திரா சௌந்தர்ராஜன்!

அமாவாசை வந்தா திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸுக்குக் கூட்டம் அள்ளும். நான் ஸ்கூல் படிக்கும்போது எங்க தெரு அக்கா ஒருத்தரும் அந்தக் கூட்டத்துல இருந்தாங்க. கல்யாணமாகி மூணு மாசம்தான். திடீர்னு ஆம்பளைக் குரல்ல பேசுறாங்க, சாப்பிட மாட்டேங்குறாங்க. ``பேய் புடிச்சிருக்கு'' என்று தெருவே தீர்ப்பு சொல்லிடுச்சு. மூணு அமாவாசை போயிட்டு வந்தாங்க. எங்க அம்மாதான் அவங்க மாமியார்கிட்ட, ``அங்காளம்மன்கிட்டயும் கூட்டிட்டுப் போங்க, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போங்க. `விடாது கருப்பு' பார்த்தீங்கல்ல?'' என்றார்.

ஒரு திகில் சீரியலை வைத்து அம்மா டாக்டரை சிபாரிசு செய்தது அன்றைக்கு எனக்கு விளங்கலை. யூடியூபில் முழுசா பார்த்த பிறகுதான் புரிஞ்சது.

அந்தக் கதைக்குச் சொந்தக்காரர் இந்திரா சௌந்தர்ராஜன். 1958 நவம்பர் 13-ல் சேலத்தில் பிறந்தவர், வாழ்ந்தது மதுரையில். பாக்கெட் நாவல், வாரப் பத்திரிகைத் தொடர் என்று நூற்றுக்கணக்கில் எழுதிக் குவித்தவர். சித்தர்கள், பூட்டிய கோயில்கள், பரம்பரைச் சாபம், ஜமீன் வீடு... இதெல்லாம் அவருடைய ஏரியா.

90-களில் கே.பாலசந்தரின் `மின்பிம்பங்கள்' நிறுவனம் அவர் கதைகளை சன் டி.வி-க்கு `மர்மதேசம்' என்ற பெயரில் தொடராக்கியது. இயக்கம் நாகா. முதலில் நவபாஷாண லிங்கத்தைச் சுற்றி நகரும் `ரகசியம்'. அடுத்து வந்ததுதான் `விடாது கருப்பு'. இதற்கு அடிப்படையான நாவலின் பெயர் `விட்டுவிடு கருப்பா'. நாவல் கெஞ்சுது, சீரியல் `முடியாது' என்கிறது. செம டைட்டில் மாற்றம்! இதில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் பின்னாளில் நிஜத்திலும் ஜோடியானது 90ஸ் கிட்ஸுக்குத் தெரிந்த கதை.

ஊரில் தப்பு செய்பவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். ராத்திரியில் குதிரைக் குளம்படி கேட்கிறது. தண்டிப்பது கருப்புசாமி என்று ஊர் நம்புகிறது. யார் அந்தக் கருப்பு என்பதை இங்கே உடைக்க மாட்டேன், இன்னும் பார்க்காதவர்கள் திட்டுவீர்கள். ஒன்று மட்டும் சொல்லலாம்... விடை கோயிலுக்குள் இல்லை, சின்ன வயதில் காயப்பட்ட ஒரு மனசுக்குள் இருக்கிறது. மனநல மருத்துவம் பற்றி வீட்டில் யாரும் வாய்திறக்காத காலத்தில், அதைக் கூடத்துக்கே கொண்டுவந்து உட்கார வைத்தது ஒரு சாமி சீரியல்!

மூடநம்பிக்கையை வளர்க்கிறார் என்ற விமர்சனம் அவர்மேல் உண்டு. அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. சித்தர் மகிமை, ஜாதகம் என்று வரும் சில கதைகளில் அவர் கேள்வியே கேட்பதில்லை, அப்படியே கையெடுத்துக் கும்பிட்டு விடுகிறார். ஆனால், அவருடைய நல்ல கதைகளில் பக்திக்கும் பகுத்தறிவுக்கும் சரிசமமாக நாற்காலி போடுவார். கடைசி எபிசோடு வரை ரெண்டு பேரையும் எழுந்திருக்க விட மாட்டார்.

``நீ யாரு, எந்த ஊரு?''

அவர் திகிலின் சூட்சுமம் எங்க ஊர்க்காரங்களுக்குப் புதுசு கிடையாது. பழைய தென்னார்க்காடு பகுதியில், அதாவது எங்க விழுப்புரம் பக்கம், கள ஆய்வு செய்த மானுடவியலாளர் இசபெல் நபோகோவ் 2000-ல் வெளியான தன் புத்தகத்தில் பேயோட்டும் சடங்கை விரிவாக எழுதியிருக்கிறார். பேய் பிடித்ததாகச் சொல்லப்படுபவர்களில் புதுசா கல்யாணமான பெண்களே அதிகம். பிடிக்கும் பேய்களோ பெரும்பாலும் அல்பாயுசில் செத்துப்போன இளைஞர்கள். பம்பை அடித்தபடியே பேயைப் பேசவைப்பார்கள். பேர் என்ன, எந்த ஊர், எப்படிச் செத்தே என்று கேள்விமேல் கேள்வி. எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் கொத்து முடியைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பார்கள்.

கவனிச்சீங்களா? விரட்டுவதற்கு முன்னால் பேயின் கதையைக் கேட்கிறார்கள். அந்தச் சாக்கில்தான், புகுந்த வீட்டில் வாயே திறக்க முடியாத பெண்ணும் நாலு பேர் முன்னாடி சத்தமாகப் பேசுகிறாள்.

இந்திரா சௌந்தர்ராஜன் கதைகளிலும் `இது யார், இதுக்கு என்ன வேணும்' என்ற கேள்விதான் நம்மை இழுத்துக்கொண்டு போகும். சினிமாவுக்கு அவர் எழுதியது குறைவு. நாகா இயக்கி, ஷங்கர் தயாரித்த `ஆனந்தபுரத்து வீடு' 2010-ல் வந்தது. நந்தாவும் சாயா சிங்கும் நடித்த அந்தப் படத்தில், வீட்டில் நடமாடும் ஆவிகள் ஹீரோவின் அப்பா அம்மா. மகன் குடும்பத்தைக் காப்பாற்றத்தான் அங்கே இருக்கிறார்கள். மேக்கப் போட்டு முகத்தைக் காட்டி அலறவிடும் பேய்ப்படங்களுக்குப் பழகிய தியேட்டரில் அது பெருசா எடுபடலை. இப்போ பார்த்தால் அந்தப் பாசம்தான் படத்தில் உருப்படியான விஷயம். அவருடைய `கிருஷ்ணதாசி' 2016-ல் இந்திக்கே போய் கலர்ஸ் சேனலில் தொடரானது.

2024 நவம்பர் 10-ம் தேதி மதுரையில் காலமானார். 66-வது பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

அந்த அக்கா இப்போ விழுப்புரத்தில் இருக்காங்க. முண்டியம்பாக்கத்துக்குப் போய் ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டாங்க, வேலைக்கும் போறாங்க. அமாவாசைக்கு மலையனூர் போறதையும் விடலை. இந்தக் கட்டுரை எழுதப்போறேன்னு போன்ல சொன்னதும் சிரிச்சாங்க. ``எழுது எழுது. அந்தக் குதிரை சத்தத்தை மட்டும் எனக்கு அனுப்பிடாத. டூட்டி முடிஞ்சு ராத்திரி ஏரிக்கரை ஐயனார் வழியாதான் வண்டியில வரணும்!''