லண்டனுக்காக சியோலில் அச்சான பத்திரிகை

1906ஆம் ஆண்டு முடியும் தறுவாயில், சியோலில் வெளிவந்துகொண்டிருந்த 'சியோல் பிரஸ்' என்ற ஆங்கிலப் பத்திரிகையை ஜப்பானிய ரெசிடென்ட் ஜெனரல் இதோ ஹிரோபுமியின் நிர்வாகம் விலைக்கு வாங்கியது. ஆசிரியர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் ஸுமோட்டோ மோட்டோசாடா. ஏற்கெனவே இதோவிடம் செயலாளராக இருந்தவர். டோக்கியோவில் 'ஜப்பான் டைம்ஸ்' பத்திரிகையைத் தொடங்கியவர்களில் ஒருவர். கொரியர்களுக்கு ஆங்கிலப் பத்திரிகை எதற்கு? அவர்களுக்காக யார் நடத்தினார்கள்! தூதரக அதிகாரிகளும் மிஷனரிகளும் படிக்க வேண்டும், அவர்கள் வழியாகச் சேதி லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் போக வேண்டும்.

1905 நவம்பர் ஒப்பந்தத்தில் கொரியாவின் வெளியுறவு முழுவதும் ஜப்பான் கைக்குப் போய்விட்டது. உள்ளூரை அடக்கப் பட்டாளம் போதும். ஆனால் ரஷ்யாவோடு போரிட வாங்கிய கடனில் பெரும்பகுதி லண்டனிலும் நியூயார்க்கிலும் திரட்டியது. பிரிட்டன் 1902 முதல் கூட்டாளி. அங்கெல்லாம் பெயர் கெட்டுவிடக் கூடாது. அதனால் சாலை, பள்ளிக்கூடம், சீர்திருத்தம் என்று நல்ல சேதியாகவே ஆங்கிலத்தில் போய்க்கொண்டிருந்தது.

இதற்குக் குறுக்கே நின்றவர் எர்னஸ்ட் பெத்தெல் என்ற ஆங்கிலேயர். ரஷ்ய-ஜப்பானியப் போர்ச் செய்தி சேகரிக்க வந்தவர், 1904இல் யாங் கி-டாக் என்ற கொரியரோடு சேர்ந்து 'தேஹான் மேயில் சின்போ' பத்திரிகையைத் தொடங்கினார். கூடவே ஆங்கிலப் பதிப்பும் உண்டு. மற்றக் கொரியப் பத்திரிகைகளில் தணிக்கையாளர் அடித்த வரிகளின் அச்செழுத்துகளைத் தலைகீழாகக் கவிழ்த்து அச்சிடுவார்கள். பக்கம் நடுவே கறுப்புச் செங்கல் அடுக்கியது மாதிரி தெரியும். பெத்தெல் பத்திரிகையில் அந்தச் செங்கல் கிடையாது. பிரிட்டிஷ் பிரஜை என்பதால் அவர் மீது பிரிட்டிஷ் தூதரக நீதிமன்றம்தான் கைவைக்க முடியும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: பெத்தெலுக்குக் கொரிய மன்னர் கோஜோங் ரகசியமாகப் பணம் கொடுத்துவந்தார். ஆக, இரண்டு பக்கமும் அரசுப் பணம்தான். ஒரு பக்கம் நாட்டை விழுங்க, மறுபக்கம் அதைக் காப்பாற்ற. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பத்திரிகைக்குப் பத்திரிகை பதில் சொன்னது போதாதென்று, டோக்கியோ நேரே லண்டனை நெருக்கியது. நட்பு கெடக் கூடாதே என்று பிரிட்டனும் தன் பிரஜை மீதே வழக்குப் போட்டது. 1907இல் நன்னடத்தைப் பிணை. 1908இல் மூன்று வாரச் சிறை. அதை ஷாங்காயில் அனுபவித்தார். 1909 மே மாதம் சியோலில் இறந்தபோது அவருக்கு வயது 36.

1910இல் பெத்தெலின் பத்திரிகை கைமாறியது. ஆகஸ்ட் 29 அன்று கொரியா ஜப்பானோடு இணைக்கப்பட்டதும், பெயரில் இருந்த 'தேஹான்' கழற்றப்பட்டு, 'மேயில் சின்போ' அரசின் கொரிய மொழிப் பத்திரிகையாக வரத் தொடங்கியது. ஸுமோட்டோ அதற்கு முன்பே நியூயார்க் போய்விட்டார். ஜப்பானின் கட்சியை அமெரிக்கர்களுக்கு எடுத்துச் சொல்லும் அலுவலகம் ஒன்றை அங்கே நடத்த ஆரம்பித்திருந்தார்.