ஓ குரூப்புன்னா ஒண்ணுமில்லாத குரூப்பா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் காலை ஷிஃப்ட் நேரத்துல போனீங்கன்னா, கம்பெனி பஸ்ஸுல வந்து இறங்குறவங்க கழுத்துல ஐடி கார்டு தொங்குறதைப் பார்க்கலாம். பேரு, எம்ப்ளாயி நம்பர், ரத்த வகை. ஃபர்னஸ், பிரஸ், கிரேன்னு வேலை பார்க்கிற இடத்துல அந்தக் கடைசி வரி அலங்காரத்துக்கு இல்ல. அந்த ஓர் எழுத்து எப்படி வந்துச்சு, சில பேருக்கு மட்டும் அது ஏன் தப்பா இருக்கலாம்ங்கிறது தான் இந்தப் பதிவு.

முதல்ல கொஞ்சம் பள்ளிக்கூடப் பாடம் (கொட்டாவி விடாதீங்க, சீக்கிரம் முடிச்சுடறேன்). பெரியவங்க உடம்புல சுமாரா 5 லிட்டர் ரத்தம். பாதிக்குக் கொஞ்சம் மேல பிளாஸ்மாங்கிற மஞ்சள் தண்ணி. மீதியில பெரும்பகுதி, ஆக்சிஜன் சுமக்கிற சிவப்பணுக்கள். நோயை எதிர்க்கிற வெள்ளையணுக்களும், காயம் பட்டா ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்களும் அளவுல ரொம்பக் கொஞ்சம். நம்ம கதைக்கு வேண்டியது ரெண்டே விஷயம்: சிவப்பணுவோட மேல்தோல்ல ஒட்டியிருக்கிற சர்க்கரைத் துணுக்குகள், பிளாஸ்மாவுல மிதக்கிற எதிர்ப்புப் புரதங்கள்.

1901ல வியன்னாவுல கார்ல் லாண்ட்ஸ்டைனர், கூட வேலை பார்த்தவங்க ரத்தத்தையும் தன்னோடதையும் எடுத்து, ஒருத்தரோட அணுவை இன்னொருத்தரோட சீரத்துல கலந்து பார்த்தார். சிலது கலந்துச்சு, சிலது திரிஞ்ச பால் மாதிரி கட்டி தட்டுச்சு. அப்படிப் பிரிச்சது தான் ஏ, பி, சி. ஆமாங்க, ஓ இல்ல, சி! அது பிற்பாடு ஓ ஆச்சு. 'இல்லாமல்'ங்கிற அர்த்தத்துல வர்ற ஜெர்மன் சொல் 'ஓனே'வுல இருந்து வந்ததுன்னு சொல்வாங்க. அதாவது ஏவும் இல்ல, பியும் இல்ல.

நம்ம ஊர் ஆளுங்க இந்தக் கதையில நுழையறது முதல் உலகப்போர்ல. சலோனிகாவுல முகாம் போட்டிருந்த பல நாட்டுச் சிப்பாய்களோட ரத்தத்தை லுட்விக் - ஹன்னா ஹிர்ஸ்ஃபெல்ட் தம்பதி சோதிச்சாங்க. மொத்தம் 8,000 பேருக்கு மேல. 1919ல வந்த அவங்க கணக்குப்படி ஆங்கிலேயர்கள்ல பி குரூப் 7 சதவீதம் தான், இந்தியச் சிப்பாய்கள்ல 41 சதவீதம்! உடனே, பி இந்தியாவுல பிறந்ததுன்னு ஒரு இனக்கொள்கையையும் கட்டினாங்க. அந்தக் கொள்கை நிக்கல. ஆனா இந்தியாவுல பி அதிகம்ங்கிறது நின்னுடுச்சு.

இப்போ மேட்டருக்கு வருவோம். 1952ல பம்பாயில டாக்டர் ஒய்.எம். பெண்டேவும் சகாக்களும் வினோதமான ரத்தத்தைப் பார்த்தாங்க. அணுவைச் சோதிச்சா ஏ இல்ல, பி இல்ல. அப்ப ஓ தானே? அதான் இல்ல. அந்த சீரம் ஓ ரத்தத்தையே கட்டி தட்ட வெச்சுது! லண்டன்ல ரத்த வகை ஆராய்ச்சியில பேர் போன ரேஸ், சாங்கர், மார்கன், வாட்கின்ஸ் எல்லாரும் சேர்ந்து எழுதின கட்டுரை அதே வருஷம் லான்செட்ல வந்தது. பேரு, பம்பாய் குரூப்.

ஓ உண்மையில காலி இல்லைங்க. அதுல 'எச்'னு ஒரு சர்க்கரை அமைப்பு இருக்கு. எச் தான் அஸ்திவாரம். அதுமேல ஒரு சர்க்கரை கூடினா ஏ, வேறொண்ணு கூடினா பி, ஒண்ணும் கூடலைன்னா ஓ. பம்பாய் குரூப்காரங்களுக்கு அந்த அஸ்திவாரமே கிடையாது. நிஜமான சைபர் அவங்க தான் :-) எச்சே அவங்க உடம்புக்கு அந்நியம்ங்கிறதால அதுக்கு எதிர்ப்புப் புரதம் வெச்சிருக்கும். 'யாருக்கு வேணா கொடுக்கலாம்'னு பேர் வாங்கின ஓ நெகட்டிவை இவங்களுக்கு ஏத்தினா, ஏறின அணுக்கள் உடையும், சிறுநீரகம் பழுதாகும், உயிரே போகலாம்.

சிக்கல் என்னன்னா, கேம்ப்ல ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடுல வெச்சுப் பார்க்கிற சோதனையில இவங்களும் ஓ தான். கார்டுலயும் அதையே அடிச்சுக் கொடுப்பாங்க. சீரத்தை எடுத்து ஓ அணுக்களோட கலந்து பார்த்தா மாட்டும். ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடி செய்யற கிராஸ் மேட்ச்லயும் மாட்டும். அவசரம்னு அதைத் தாண்டக் கூடாதுன்னு ரத்த வங்கிக்காரங்க அடம் பிடிக்கிறது இதனால தான். அந்த நேரத்துல அவங்களோட சண்டை போடாதீங்க.

இந்தியாவுல சுமாரா 10,000 பேர்ல ஒருத்தருக்கு இது இருக்கும்னு சொல்றாங்க. ஐரோப்பாவுல பத்து லட்சத்துல ஒருத்தர். அப்பா, அம்மா ரெண்டு பேர் கிட்ட இருந்தும் பழுதான ஜீன் வந்தா தான் இது வரும். அதனால மாமன் மகள், அக்கா மகள்னு சொந்தத்துலயே கட்டுற குடும்பங்கள்ல வாய்ப்பு கூடுதல். ஒடிசாவோட குட்டியா கோந்த் பழங்குடிகள்ல இது வழக்கத்தை மீறி அதிகம்னு கண்டுபிடிச்சிருக்காங்க. கும்மிடிப்பூண்டியில வேலைக்கு வந்திருக்கிற ஒடிசாக்காரங்களை நினைச்சா, நமக்கும் இது தூரத்துச் சமாச்சாரம் இல்ல.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. பம்பாய் குரூப் அம்மா கிட்ட பி ஜீன் வெளியில தெரியாம ஒளிஞ்சிருக்கலாம். ரிப்போர்ட்ல அம்மா ஓ, அப்பா ஓ, ஆனா அப்பாவோட நல்ல எச் ஜீன் கிடைச்ச பிள்ளை பி! ஏன்னு தெரியாம எத்தனை வீட்டுல சந்தேகம் வந்துச்சோ.

சிவப்பணுவை ஃபிரிட்ஜ்ல 35லிருந்து 42 நாள் வரைக்கும் தான் வெச்சிருக்க முடியும். அதனால இந்த ரத்தத்தை வாங்கி அடுக்கி வைக்கிறதை விட, கொடுக்கிற ஆளுங்களோட பட்டியலைத் தான் தொண்டு அமைப்புகள் வெச்சிருக்காங்க. 2016ல பங்களாதேஷ்ல விபத்துல அடிபட்ட ஒரு இளைஞருக்கு அங்க எங்கேயும் பொருந்தல. மும்பையில 4 பேர் கொடுத்தாங்க. நாலு பையும் விமானத்துல டாக்கா போச்சு.