தோல் துருத்தியில் பிறந்த கார்புரேட்டர்

அப்பாவின் மாரிஸ் மைனர் இப்போது புனேயில் என்னிடம் இருக்கிறது. சிக்னலில் நின்றால் குலுங்கி அணைந்துவிடும். எஸ்.யு. கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு வெபர் போடச் சொன்னார்கள். போடுவதற்கு முன் அதன் கதையைத் தேடிப் படித்தேன்.

எஸ்.யு. என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன். லண்டனில் காலணி வியாபாரக் குடும்பத்துச் சகோதரர்கள் ஜார்ஜ், கார்லைல் ஸ்கின்னர் 1910-ல் தொடங்கிய கம்பெனி. ஆரம்ப மாடல்களில் தோல் துருத்தி இருந்ததில் ஆச்சரியமில்லை :-) பிறகு அது பிஸ்டன் ஆனது. 1926-ல் வில்லியம் மாரிஸ் கம்பெனியை வாங்கினார். மாரிஸ், எம்.ஜி., பின்னாளில் மினி என்று எல்லாவற்றிலும் இது வந்தது அப்படித்தான்.

சூட்சுமம் எளிது. எஞ்சின் இழுக்கும் காற்றுக்கேற்ப பிஸ்டன் மேலே ஏறும். அதோடு கூம்பிய ஊசியும் ஏற, ஒரே ஜெட்டில் பெட்ரோல் கூடும். வெபரில் இந்த வேலைக்குப் பல ஜெட்டுகள்.

டியூனிங்குக்குக் காது போதும். எஞ்சின் சூடானதும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். அணையப் பார்த்தால் குறைவு. லேசாகக் கூடித் தணிந்தால் சரி.

என் வண்டியில் ஜெட்டில் தப்பே இல்லை. பிஸ்டன் அழுக்கில் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். பெட்ரோலில் துடைத்து மாட்டி, எஞ்சினை அணைத்துத் தூக்கிவிட்டேன். 'டக்' என்று விழுந்தது. சின்ன வயதில் அப்பா காது கொடுத்துக் கேட்ட அதே சத்தம். வெபர் வாங்கவில்லை.